ரெட்வுட் காட்டில் ஐந்து நாள்: சாலைப் பயணம், கூடாரம், சமையல் — முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவில் பெரிய மரங்கள் என்றால் இரண்டு தனித்தனிக் காடுகள். சியரா நெவாடா மலையில் இருப்பவை ஜயன்ட் செக்கோயா; பருமனில் அவற்றுக்கு ஈடில்லை. பசிபிக் கரையை ஒட்டி, பிக் சர் தொடங்கி ஆரிகன் எல்லையைச் சற்றே தாண்டும் வரை ஒடுங்கிய பட்டையாக நீளும் காட்டில் நிற்பவை கோஸ்ட் ரெட்வுட். உலகிலேயே உயரமான மரங்கள் இவைதான். இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது. சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள ம்யூர் உட்ஸும் கோஸ்ட் ரெட்வுட் காடுதான். ஆனால் அங்கே இரவு தங்க முடியாது, காரை நிறுத்தவே முன்பதிவு வேண்டும். கூடாரம் போட்டுத் தங்க நாம் போவது வடக்கே ஹம்போல்ட், டெல் நோர்ட்டே கவுன்ட்டிகளுக்கு.

புறப்படும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கோடையில் இந்தக் கரையில் மழை கிடையாது. கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி இலைகளில் படிந்து, துளித்துளியாகச் சொட்டித்தான் மரங்களின் தாகம் பெருமளவு தீர்கிறது. அந்தத் துளி உங்கள் கூடாரத்தின் மேலும் இரவு முழுக்க விழும். எந்த மாதம் போவது, எந்தப் படுக்கையை எடுப்பது, அடுப்பா விறகா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த ஈரத்தில்தான் இருக்கிறது.

எப்போது போவது

கரையோரத்தில் ஆண்டு முழுக்க வெப்பநிலை பெரும்பாலும் 40 முதல் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள்தான், அதாவது 5 முதல் 16 செல்சியஸ். ஜூலையில் சாக்ரமென்டோ வெந்துகொண்டிருக்கும்போது கடற்கரை முகாமில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. அதே நாளில் பத்து மைல் உள்ளே தள்ளியிருக்கும் ஜெடிடாயா ஸ்மித் முகாமில் ஆற்றில் குளிக்கும் அளவுக்கு வெயில் அடிக்கலாம். ஆண்டு மழை 60 முதல் 80 அங்குலம்; ஏறக்குறைய எல்லாமே அக்டோபர் முதல் ஏப்ரலுக்குள் கொட்டித் தீர்த்துவிடும்.

எங்கள் தேர்வு செப்டம்பர், அதுவும் அம்மாத முதல் திங்களன்று வரும் லேபர் டே விடுமுறை முடிந்த பிறகு. மூட்டம் குறையும், பள்ளி திறந்துவிடுவதால் கூட்டமும் குறையும். காட்டுத்தீப் புகை வரும் காலமும் அதுதான். புறப்படும் வாரம் காற்றுத் தர வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரோடோடென்ட்ரான் பூக்கள் வேண்டுமென்றால் மே கடைசி, ஜூன் தொடக்கம்.

முதலில் முகாம், பிறகுதான் பாதை

பாதையை வரைந்துவிட்டு முகாம் தேடுவது இங்கே எடுபடாது. கிடைத்த முகாமை வைத்துத்தான் பாதை. ஐந்து நாளுக்கு இரண்டு முகாம் போதும்: தெற்கே ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவில் இரண்டு இரவு, வடக்கே தேசிய, மாநிலப் பூங்காக்கள் கூட்டாக நடத்தும் பகுதியில் இரண்டு இரவு. தினமும் இடம் மாற்றினால், ஈரக் கூடாரத்தை மடிப்பதும் விரிப்பதுமாகவே காலை மாலை போய்விடும்.

மாநிலப் பூங்கா முகாம்களை ரிசர்வ் கலிபோர்னியா தளத்தில் ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு செய்யலாம். தேதிக்குத் தேதி கணக்கு: செப்டம்பர் 10 அன்று தங்க வேண்டுமானால் மார்ச் 10 காலை 8 மணிக்கு, பசிபிக் நேரப்படி, அந்த நாள் திறக்கும். 7:50க்கே கணக்கில் நுழைந்து, கார்டு விவரத்தைச் சேமித்து, மூன்று இட எண்களைக் குறித்து வைத்திருங்கள். வார இறுதி இடங்கள் சில நிமிடங்களில் போய்விடும். ஞாயிறு முதல் வியாழன் வரை என்றால் மூச்சு விடலாம். கட்டணம் ஓர் இரவுக்கு 35 டாலரை ஒட்டி இருக்கும், முன்பதிவுக் கட்டணம் தனி. ஓர் இடத்தில் 8 பேர் வரை தங்கலாம். இரண்டாவது காருக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். உள்ளே வர மதியம் 2 மணி, காலி செய்ய நண்பகல் 12.

ஹம்போல்ட்டில் பர்லிங்டன் முகாம் பார்வையாளர் மையத்தின் பக்கத்திலேயே இருப்பதால் முதல் முறை வருபவர்களுக்கு வசதி. சாலைச் சத்தம் கேட்கும், அடுத்த கூடாரமும் நெருக்கம். அமைதி வேண்டுவோர் கோடையில் மட்டும் திறக்கும் ஆல்பீ க்ரீக்கைப் பாருங்கள். ராக்கஃபெல்லர் காடு அங்கிருந்து மிக அருகில்.

வடக்கில் நான்கு முகாம்கள். எல்க் ப்ரெய்ரி நடுநாயகம். நடைபாதைகள் வாசலிலேயே தொடங்கும், பக்கத்துப் புல்வெளியில் எல்க் மான்கள் மேயும். கோல்ட் ப்ளஃப்ஸ் பீச் கடல் மணலில் இருக்கிறது: காற்று, உப்பு, குளிர், ஆனால் அப்படியொரு இடம் வேறெங்கும் இல்லை. அங்கே போகும் மண்சாலையில் டிரெய்லருக்கும் பெரிய வண்டிக்கும் அனுமதி இல்லை. ஜெடிடாயா ஸ்மித் முகாம் முதிர்ந்த மரங்களுக்கு நடுவே, கலிபோர்னியாவில் அணையே கட்டப்படாத பெரிய ஆறான ஸ்மித் நதியின் கரையில் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வோம். நான்காவதான மில் க்ரீக் கோடைக்கு மட்டும்.

தனியே எடுக்க வேண்டிய அனுமதிகள் இரண்டு. சுவரெங்கும் ஃபெர்ன் செடிகள் படர்ந்த பள்ளத்தாக்கான ஃபெர்ன் கேன்யனுக்கு மே 15 முதல் செப்டம்பர் 15 வரை காரில் போக இணையத்தில் முன் அனுமதி வேண்டும். அது கிடைக்காவிட்டால் ப்ரெய்ரி க்ரீக் பார்வையாளர் மையத்திலிருந்து ஜேம்ஸ் இர்வின் பாதையில் நடந்தே போய்வரலாம். போக வர 10 மைலுக்கு மேல், ஒரு முழு நாள் வேலை. உண்மையில் அந்த நடை கேன்யனைவிட நன்றாக இருக்கும். டால் ட்ரீஸ் க்ரோவ் என்ற உயர்ந்த மரத்தோப்புக்கான அனுமதி இலவசம். அதோடு வரும் எண்ணைக் கொண்டுதான் வழியிலுள்ள பூட்டைத் திறக்க முடியும். அங்கே சுமார் 800 அடி இறங்கிவிட்டு அதையே ஏற வேண்டும், மூட்டுவலி உள்ளவர்கள் யோசியுங்கள்.

சாலை: நாள் வாரியாக

முதல் நாள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101 நெடுஞ்சாலையில் வடக்கே, சான்டா ரோசா, யுகாயா, வில்லிட்ஸ், லெகெட் வழியாகப் பர்லிங்டன் வரை சுமார் 225 மைல். நிறுத்தங்கள் இல்லாமல் நாலரை மணி நேரம். வெள்ளி மதியம் கிளம்பினால் சான்டா ரோசாவைத் தாண்டுவதற்குள்ளேயே இருட்டிவிடும். காலை 6 மணிக்குள் கோல்டன் கேட் பாலத்தைக் கடந்துவிடுங்கள். டேங்கை யுகாயாவில் நிரப்புங்கள். வடக்கே போகப்போக விலை ஏறும், கார்பர்வில்லில் அது நன்றாகவே தெரியும்.

லெகெட்டில் தனியார் தோட்டமொன்றில் நடுவே குடைந்த ஷாண்டிலியர் மரம் இருக்கிறது, பணம் கட்டிக் காரை ஓட்டிப் போகலாம். துளையின் அகலம் 6 அடி, உயரம் 6 அடி 9 அங்குலம். கண்ணாடியை மடக்கினாலும் பெரிய எஸ்யூவி உரசும், கூரைப் பெட்டி வைத்த வண்டி நுழையவே நுழையாது. விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

கார்பர்வில்லைத் தாண்டியதும் பிலிப்ஸ்வில் அருகே 101-ஐ விட்டு இறங்கி அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸில் ஏறுங்கள். நெடுஞ்சாலைக்கு இணையாக ஈல் ஆற்றோரம் வளைந்து போகும் 31 மைல் பழைய சாலை. நடுப்பகலிலும் முகப்பு விளக்கைப் போட்டே ஓட்டுங்கள்: பளீரென்ற வெயில் திட்டும் கும்மிருட்டும் மாறி மாறி வரும்போது எதிரே வரும் சைக்கிள் கண்ணில் படாது. மரத்தடி மண்ணில் டயரை ஏற்ற வேண்டாம். முந்நூறு அடிக்கு மேல் உயரும் மரத்தின் வேர் ஆழம் வெறும் 6 முதல் 12 அடி. பக்கவாட்டில்தான் நூறடிக்கும் மேலே ஓடும். மண் இறுகினால் வேர் மூச்சுத் திணறும்.

இரண்டாம் நாள். காலையில் ஃபவுண்டர்ஸ் க்ரோவ். அரை மைல் சுற்று, 1991-ல் சாய்ந்த டயர்வில் ஜயன்ட் என்ற மரம் அப்படியே கிடக்கிறது. நிற்கும் மரத்தைவிட விழுந்த மரத்தில்தான் அளவு பிடிபடும்: வேர்த்தட்டின் பக்கத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு நுனி வரை நடந்து பாருங்கள். பிறகு மட்டோல் சாலையில் திரும்பி ராக்கஃபெல்லர் காட்டுக்குப் போங்கள். வெட்டுப்படாத முதிர்ந்த கோஸ்ட் ரெட்வுட் காட்டில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 5 சதவீதம்தான். அதில் மிகப் பெரிய தொடர்ச்சியான பரப்பு இது, சுமார் 10,000 ஏக்கர். புல் க்ரீக் ஓடை ஓரமாக இரண்டு மணி நேரம் நடந்தாலே போதும். இந்த நாளில் வேறெதையும் திணிக்காதீர்கள்.

மூன்றாம் நாள். வடக்கே யுரேகா, பிறகு ஆர்க்காட்டா. மளிகை, ஐஸ், பெட்ரோல், மின்காரானால் முழு சார்ஜ், எல்லாம் இங்கேயே. அதற்கப்பால் சிற்றூர்கள்தான். ஓரிக்கைத் தாண்டியதும் 101-ஐ விட்டு நியூட்டன் பி. ட்ரூரி பார்க்வேயில் ஏறுங்கள். இந்தப் பத்து மைலை அவென்யூவுக்கும் மேலே வைப்போம். எல்க் ப்ரெய்ரி இதன் மீதே இருக்கிறது. கடையோ விளம்பரப் பலகையோ கிடையாது.

ஜெடிடாயா ஸ்மித் வரை போகிறவர்கள் கிளாமத்துக்கும் கிரசென்ட் சிட்டிக்கும் நடுவே லாஸ்ட் சான்ஸ் கிரேடைக் கடக்க வேண்டும். கடலை நோக்கிச் சரிந்துகொண்டே இருக்கும் மலைச்சரிவு அது, சாலைப்பணி ஓயாது. அரை மணி வரை நிறுத்தி வைப்பார்கள், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள். ஹவ்லண்ட் ஹில் சாலை, பெரும்பகுதி மண், ஒரு காரின் அகலமே உள்ள இடங்களும் உண்டு, டிரெய்லர் கூடாது. காலை 9 மணிக்கு முன் போனால் எதிர்வண்டிக்குப் பின்வாங்கும் தொல்லை குறையும். ஸ்டவுட் க்ரோவ் அரை மைல் சுற்று, பிற்பகல் சாய்வெயிலில்தான் பார்க்க வேண்டும். கோடையில் ஆற்றின் மேல் தற்காலிக நடைப்பாலம் போட்டிருந்தால் முகாமிலிருந்தே நடந்து போகலாம். க்ரோவ் ஆஃப் டைட்டன்ஸில் உயர்த்திய நடைமேடை இருக்கிறது, அதைவிட்டு இறங்காதீர்கள்.

உலகின் உயரமான மரமான ஹைப்பீரியன் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. 2006-ல் கண்டுபிடிக்கப்பட்டது, உயரம் சுமார் 116 மீட்டர். பாதையில்லாத காட்டில் மிதித்து மிதித்து அடித்தளத்தையே பாழாக்கியதால் 2022-ல் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அடியில் நின்றால் நுனி தெரியவும் தெரியாது.

கலிபோர்னியச் சாலை விதி ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்: இருவழிச் சாலையில் மெதுவாகப் போகும் உங்களுக்குப் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், அடுத்த ஒதுங்குமிடத்தில் ஒதுங்கி வழிவிட்டே ஆக வேண்டும். உள்ளூர் மரலாரிகள் பொறுமைக்குப் பெயர் போனவை அல்ல.

கூடாரம் போடும் முறை

1. முதலில் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தொங்கினால் அதன் நேர்கீழே போடக்கூடாது. காற்றே இல்லாமலும் கிளை முறியும்.

2. பிறகு தரை. பள்ளமான, பஞ்சுபோல் அமுங்கும் இடத்தை விடுங்கள். சருகு மெத்தை படுக்க சுகம்தான், ஆனால் கூடாரத்தோடு வரும் ஆறங்குல முளைகள் அதில் நிற்காது. 9 அங்குல முளைகளை வாங்கி, கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தபடி அடியுங்கள். வேர் தட்டினால் அங்கே அடிக்காமல் தள்ளிப் போங்கள்.

3. அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத் தளத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சொட்டும் நீரைப் பிடித்து நேராக உங்கள் முதுகுக்கடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஈரமாகிவிட்டது என்று வரும் புகார்களில் இந்தத் தார்ப்பாய்தான் பெரும்பாலும் குற்றவாளி.

4. மேல்விரிப்பை மழை இல்லையென்று விட்டுவிடாதீர்கள். உள்துணியைத் தொடாதபடி இழுத்துக் கட்டுங்கள். நைலான் ஈரத்தில் தொய்யும், படுக்கப் போகும்முன் இன்னொரு முறை இழுங்கள்.

5. குளிர்கிறதென்று காற்றுத்துளைகளை மூடாதீர்கள். மூச்சிலிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உட்கூரையில் நீராகப் படியும், விடியற்காலையில் சொட்டும். மேல்துளை இரண்டும் திறந்தே இருக்கட்டும், குளிரைப் படுக்கை பார்த்துக்கொள்ளும்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் தாங்கும் எல்லை. சுகமாகத் தூங்கும் வெப்பநிலை என்று சிறு எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். அது 30 டிகிரி ஃபாரன்ஹீட்டாக இருந்தால் கோடைக்குப் போதும். தரையின் குளிர் அதைவிடப் பெரிய எதிரி. காற்றடைக்கும் பெரிய மெத்தையில் உள்ளேயிருக்கும் காற்றே குளிர்ந்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதன் மேல் ஒரு ஃபோம் பாய் போடுங்கள், அல்லது ஆர் மதிப்பு (குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 3-க்குக் குறையாத பாயாக வாங்குங்கள். பருத்தி உடை நனைந்தால் காயவே காயாது. கம்பளி, பாலியஸ்டர் எடுங்கள். தூங்குவதற்கென்று ஒரு செட் உடையைப் பிளாஸ்டிக் பையில் தனியே கட்டி, இரவு தவிர வேறெப்போதும் தொடாதீர்கள்.

சமையல்

ஒரு பவுண்டு புரொப்பேன் சிலிண்டரில் சுமார் 21,000 பிடியு (வெப்ப அலகு) இருக்கிறது. 10,000 பிடியு பர்னரை முழுத்தீயில் எரித்தால் இரண்டு மணி நேரம். நால்வர் குடும்பம் காலையில் காபி, தோசைக்கல், இரவில் சோறு, குழம்பு சூடாக்கல் என்று போனால் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான்கு இரவுக்கு மூன்று சிலிண்டர் எடுத்தால் ஒன்று கையிருப்பாக நிற்கும். அடுப்பையோ கரித்தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

குழம்பு, கூட்டு எதுவானாலும் வீட்டிலேயே செய்து, ஜிப் பையில் தட்டையாக ஊற்றி உறையவைத்து எடுங்கள். கூலரில் அதுவே ஐஸ்கட்டியாகவும் வேலை செய்யும். மூன்றாம் நாள் குழம்பு அடியில், முதல் நாளுடையது மேலே. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் ஐஸே கேட்காதவை. மாவு கொண்டுபோவதானால் வீட்டிலேயே புளிக்கவைத்துவிடுங்கள், இந்தக் குளிரில் பொங்காது.

இப்போது காக்கைக்கு வைக்கும் பழக்கம். ஒரு பிடி சோற்றை ஓரமாக வைப்பது நமக்கு இயல்பு. இங்கே அது கேடு. மார்பிள்ட் மர்ரலெட் என்ற கடற்பறவை இந்த முதிர்ந்த மரங்களின் பாசி படர்ந்த அகலக் கிளையில், கூடு கூடக் கட்டாமல் ஒரே ஒரு முட்டை இடுகிறது. சிந்திய சோற்றுக்கும் ரொட்டித் துணுக்குக்கும் வரும் ஸ்டெல்லர் ஜே பறவைகளும் அண்டங்காக்கைகளும் பெருகி, அந்த முட்டையைத் தின்றுவிடுகின்றன. ஆகவே மேசையடியில் விழுந்த பருக்கையைக்கூடப் பொறுக்குங்கள். பாத்திரம் கழுவிய நீரை வடிகட்டி, சக்கையைக் குப்பைத்தொட்டியிலும் நீரை முகாமில் அதற்கென்று உள்ள இடத்திலும் ஊற்றுங்கள்.

கருங்கரடிக்காக ஒவ்வோர் இடத்திலும் இரும்புப் பெட்டி இருக்கும். உணவு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, தேங்காயெண்ணெய், ஊதுபத்தி, வாசனையுள்ள எல்லாமே அதற்குள். குழந்தையின் கார் இருக்கையில் சிக்கிய பிஸ்கட் தூளுக்காகவும் கரடி கதவைப் பிளக்கும். பெரிய கூலரானால் பெட்டியில் நுழையுமா என்று மாலையிலேயே வைத்துப் பாருங்கள்.

விறகு

வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள்; பூச்சியும் நோயும் அதோடு பயணம் செய்யும். காட்டில் பொறுக்கவும் அனுமதி இல்லை. முகாமிலோ பக்கத்து ஊரிலோ வாங்குங்கள். ஒரு மாலைக்கு இரண்டு கட்டு. காற்றே ஈரமாக இருப்பதால் முழுக்கட்டை நேராகப் பற்றாது: சிறு கோடரியால் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கை நிறையப் பிளந்து, நெருப்பூட்டி வில்லை ஒன்றின் மேல் கூம்பாக அடுக்குங்கள். அது தணலான பிறகே பெரிய கட்டை. கோடையில் தீத்தடை வந்துவிட்டால் விறகே கிடையாது. அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அணைக்கும்போது நீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை அருகே வைத்துச் சூடில்லை என்று தெரிந்த பிறகே நகருங்கள்.

எதில் கவனம்

எல்க் ஆண் 500 கிலோவையும் தாண்டும். குறைந்தது 75 அடி தள்ளி நில்லுங்கள். மே, ஜூனில் கன்றோடு இருக்கும் தாயும், இலையுதிர்காலத்தில் இணை தேடும் ஆணும் எச்சரிக்கையின்றிப் பாயும். மூன்று மூன்று இலையாகப் பளபளக்கும் பாய்சன் ஓக் செடி பாதையோரத்தில் இருக்கும். பட்டுவிட்டால் உடனே குளிர்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். கடலில் குளிக்க எண்ணாதீர்கள், அலை திடீரென்று ஏறும். கரையில் இருக்கும்போது நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தால் சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடுங்கள். 1964-ல் சுனாமி கிரசென்ட் சிட்டியின் நடுப்பகுதியையே அழித்த கரை இது.

பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. வரைபடம், முன்பதிவுச் சீட்டு, அனுமதி எண், எல்லாவற்றையும் ஆர்க்காட்டாவிலேயே இறக்கிவைத்து, தாளிலும் ஒரு பிரதி வைத்திருங்கள். சோலார் சார்ஜர் மரநிழலில் வெறும் சுமை. ஆளுக்கொரு ஹெட்லாம்ப், பொதுக் குளியலறைக்குக் கால் டாலர் நாணயங்கள் ஒரு கைப்பிடி.

ஐந்தாம் நாள்

காலை ஈரத்தில் மடித்த கூடாரத்தை வீட்டுக்குப் போனதும் பால்கனியிலாவது விரித்து முழுக்கக் காயவையுங்கள். ஓரிரு நாள் பையிலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்து, நீர்காப்புப் பூச்சும் உரியத் தொடங்கும்.

கிரசென்ட் சிட்டியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 350 மைல், ஏழு மணி நேரம். எல்க் ப்ரெய்ரியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. லெகெட்டில் பிரியும் ஒன்றாம் எண் கடற்கரைச் சாலை ஆசை காட்டும். ஆனால் ஃபோர்ட் பிராக்குக்கு வடக்கே கடலைத் தொடும் வரை கொண்டை ஊசி மேல் கொண்டை ஊசி, பின்னிருக்கையில் குழந்தை இருந்தால் வாந்தி நிச்சயம். அப்படிப் போக விரும்பினால் ஆறாவது நாளொன்றை ஒதுக்கி, மென்டசினோவில் ஓர் இரவு தங்குங்கள். ஐந்து நாள்தான் என்றால் 101-ஐ விட்டு இறங்காதீர்கள்.